ஊரார் எடுத்த படமும் நிலநூல் ஆராய்ச்சியும்

ஆறு கரையை உடைத்துக்கொண்டு வரும்போது ஆராய்ச்சியாளர் அங்கே இருப்பதில்லை. நீரளவு காட்டும் கருவி இருந்தாலோ, அதுவே பல சமயம் முதலில் அடித்துச் செல்லப்படுகிறது. நிலநடுக்கமும் மலைச்சரிவும் ஆழிப்பேரலையும் அத்தகையனவே. நாள் குறித்து வருவன அல்ல. ஆதலால் இயற்கைப் புவியியலார், நிகழ்ச்சி முடிந்தபின் சென்று, சுவரிற் படிந்த சேற்றையும் சாய்ந்து கிடக்கும் மரத்தையும் கண்டு, நடந்தது இதுவாதல் வேண்டும் என்று உய்த்துணர்பவராகவே நெடுங்காலம் இருந்து வந்தனர்.

இன்று அந்நிலை ஒரு பகுதி மாறியுள்ளது. கரையில் நின்ற ஒருவர் கைப்பேசியிற் பிடித்த படம் அன்று மாலையே இணையத்தில் ஏறிவிடுகிறது. உலகின் மற்றொரு கோடியில் இருக்கும் அறிஞர் அதனைப் பார்த்து, நீர் ஓடிய விரைவைக் கணக்கிடுகிறார். கருவி காணாததை ஊரார் கண்டனர். அவர் கண்டது ஆராய்ச்சிக்குத் தரவாயிற்று. இதனைப் பெரும்பேறு என்று கொண்டாடுவோரும் உளர். விளையாட்டுப் படங்களை நம்பி விஞ்ஞானம் நடத்துவதா என்று முகஞ்சுளிப்போரும் உளர். இரு திறத்தாரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். படம் தானாகத் தரவு ஆவதில்லை. படம் எடுக்கப்பட்ட இடத்திற்கு ஒருவர் மீண்டும் சென்று அளந்தால்தான், அல்லது அளந்ததற்கு ஒப்பான வேறு சான்று கிட்டினால்தான், அது தரவாகிறது. இவ்வுண்மையைக் கொண்டே இம்முறையின் நிறையும் குறையும் ஆராயத்தக்கன.

இதற்கு முன்னோடியாக அமைந்த ஆய்வு சுமத்திராவின் பண்டா ஆச்சேயைப் பற்றியது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் பேரலை அந்நகரினுட் புகுந்தபோது, உயிர் தப்பியோர் சிலர் வீட்டுப் படக்கருவிகளால் அதனைப் பிடித்தனர். யூடியூப் என்னும் தளம் அப்பொழுது பிறக்கவில்லை; அதன் முதற்படம் ஏறியது 2005 ஏப்ரலில்தான். அப்படங்களுள் இரண்டை எடுத்துக்கொண்டு, ஹெர்மன் பிரிட்ஸ் முதலிய அறிஞர் 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கடலிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் உள்ளே, தெருக்களின் வழியே நீர் வினாடிக்கு 2 முதல் 5 மீட்டர் விரைவில் ஓடியது என்பது அவர் கண்ட முடிபு. விரைந்து நடப்பவரின் வேகத்திற்கும் முழுமூச்சாய் ஓடுபவரின் வேகத்திற்கும் இடைப்பட்டது அது. நீர் எவ்வளவு உயரம் ஏறிற்று என்பதைச் சுவரிலுள்ள கறையே சொல்லும். எவ்வளவு விரைவாக வந்தது என்பதைக் கறை சொல்லாது, படம் சொல்லிற்று. எத்தகைய கட்டடம் நிற்கும், எது விழும் என்று கணிக்க உயரம் மட்டும் போதாது, விரைவும் வேண்டும். விரைவு இரட்டித்தால் மோதும் விசை நான்கு மடங்காகும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த கணக்கு.

ஆயின் அவ்விரைவு படத்திலிருந்து எவ்வாறு பெறப்பட்டது? முறை எளிது. கரையில் இரண்டு விளக்குக் கம்பங்கள் இருப்பதாகக் கொள்க. இடைத்தொலைவு 20 மீட்டர். மிதந்து வரும் கட்டையொன்று ஒரு கம்பத்திலிருந்து அடுத்ததை எட்ட 8 வினாடி ஆயிற்றெனின், விரைவு வினாடிக்கு 2.5 மீட்டர். இக்காலத்தில் கணிப்பொறி ஒரு கட்டையை மட்டும் பாராமல், நீர்மேல் உள்ள நுரை, இலை, குப்பை அனைத்தையும் படத்துக்குப் படம் ஒப்பிட்டுத் தொடர்கின்றது. அடிப்படை என்னவோ கட்டையும் கம்பமுமே.

இடையூறு மற்றோரிடத்தில் இருக்கிறது. கைப்பேசி நீரைச் சாய்வாகப் பார்க்கிறது. அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தோன்றுகிறது. இச்சாய்வைத் திருத்தி, மேலிருந்து பார்த்ததுபோல் ஆக்கினாலன்றித் தொலைவு தெரியாது. அதற்குப் படத்தில் தெரியும் குறைந்தது நான்கு இடங்களின் உண்மையான நிலை தெரிந்திருத்தல் வேண்டும்: சுவரின் மூலை, பாலத்தின் தூண், சாளரத்தின் விளிம்பு என்பன போல. அவற்றை யார் அளப்பது? யாரேனும் அங்கே சென்றுதான் அளத்தல் வேண்டும். பண்டா ஆச்சேயிலும் அவ்வாறே அளந்தனர். இன்னும், மேற்பரப்பு நீர் ஓடுவதுபோல் ஆழத்து நீர் ஓடுவதில்லை; ஆகவே மேற்பரப்பு விரைவை ஏறத்தாழ 0.85 ஆற் பெருக்கிச் சராசரி காண்பது வழக்கம். அதனை ஆற்றின் குறுக்குப் பரப்பாற் பெருக்கினால், வினாடிக்கு எத்துணைக் கன மீட்டர் நீர் சென்றது என்பது கிட்டும். குறுக்குப் பரப்பும் படத்தில் இல்லை. வெள்ளம் வடிந்தபின் கயிறும் கோலுமாக இறங்கித்தான் அதனை அறிய வேண்டும். வெள்ளமே அடித்தளத்தை அரித்திருந்தால், பின்னர் அளக்கும் பரப்பு முன்னிருந்த பரப்பு அன்று. பிரெஞ்சு நாட்டு நீரியலார் 2016இல், ஆல்ப்ஸ் மலை ஓடையொன்றில் வந்த திடீர் வெள்ளத்தை யூடியூப் படத்திலிருந்தே அளக்க முயன்று எழுதிய கட்டுரையில், இத்தகைய பிழைகளையும் கணக்கிட்டுக் காட்ட முயன்றனர். அடக்கமாக எழுதப்பட்டமையே அக்கட்டுரையின் சிறப்பு.

விரைவை விட்டுக் காலத்திற்கு வருவோமாயின், சுலாவெசித் தீவின் பாலு நகர் நினைவுக்கு வருகிறது. 2018 செப்டம்பர் 28ஆம் நாள் மாலை அங்கே 7.5 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. நிலம் பக்கவாட்டில் நகர்ந்த நிலநடுக்கம் அது. அவ்வகை நடுக்கத்தாற் பெரிய கடலலை எழும் என்று எவரும் எளிதில் எதிர்பாரார். அலை எழுந்தது. அக்குறுகிய வளைகுடாவில் அலையின் வரவை இடந்தோறும் பதிவு செய்யப் போதிய கருவிகள் இல்லை. சிலி நாட்டு அறிஞர் மத்தியாஸ் கார்வஹாலும் அவர் குழுவினரும், மக்கள் பகிர்ந்த படங்களையும் காவற் படக்கருவிகளின் பதிவுகளையும் திரட்டி, எந்த இடத்தில் எப்பொழுது அலை வந்தது என்று ஒழுங்குபடுத்தினர். நிலம் ஆடிய சில நிமிடங்களிலேயே அலை வந்துவிட்டது என்பது அதனால் உறுதியாயிற்று. தொலைவில் ஓரிடத்தில் எழுந்து நடந்து வந்த அலை அன்று அது. வளைகுடாவுக்குள்ளேயே, கரையை ஒட்டிய இடங்களிற் பிறந்தது. கரையோர நிலம் சரிந்து கடலுட் சென்றமையே காரணம் என்னும் கருத்துக்கு, அப்பொழுதுதான் மேலெழும்பிய விமானமொன்றிலிருந்து விமானி எடுத்த படம் துணை நின்றது. ஜப்பானிய அறிஞர் ஹிரோஷி தகாகி முதலியோர் அதனை ஆராய்ந்தனர்.

இம்முடிபின் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. அலை சில நிமிடங்களில் வருமாயின், எச்சரிக்கைச் சங்கு ஊதும்வரை காத்திருப்பவர் பிழையார். நிலம் ஆடியதையே சங்கொலியாகக் கொண்டு மேட்டுக்கு ஓடுதல் வேண்டும். அத்தகைய வளைகுடாக்களின் கரையில் வாழ்வோருக்கு இச்செய்தியைக் கொடுத்தது விலையுயர்ந்த கருவி அன்று; நடுங்கிய கைகள் பிடித்த படம்.

இவ்வளவு சொன்னதனால், படம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று கொள்ளலாகாது. 2021 பிப்ரவரி 7ஆம் நாள் இமயமலையின் சமோலி மாவட்டத்தில், ரிஷிகங்கை, தவுளிகங்கை ஆறுகளின் வழியே சேறும் பாறையும் கலந்த பெருவெள்ளம் பாய்ந்தது. இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். இரண்டு நீர்மின் திட்டங்கள் சிதைந்தன. மலைச்சரிவில் நின்றோர் எடுத்த படங்கள் அன்றே உலகெங்கும் பரவின. படத்தைப் பார்த்தவுடனே பனி ஏரி உடைந்தது என்றனர் சிலர். பனியாறு வெடித்தது என்றனர் வேறு சிலர். இரண்டும் தவறு. டேன் ஷுகர் முதலிய ஐம்பதுக்கு மேற்பட்ட அறிஞர் கூடி, செயற்கைக்கோட் படங்களையும் நிலநடுக்கப் பதிவுகளையும் ஆராய்ந்து உண்மையை அவ்வாண்டே வெளியிட்டனர். ரோண்டி சிகரத்தின் வடமுகத்திலிருந்து ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து விழுந்தன. அதில் ஐந்தில் நான்கு பங்கு பாறை. விழுந்த வேகத்தில் எழுந்த உராய்வு வெப்பத்தாற் பனி உருகிற்று. பாறைச் சரிவு சேற்று வெள்ளமாக மாறிற்று.

படங்கள் அவ்வாய்வில் வீணாகவில்லை. வெள்ளத்தின் முகம் ரிஷிகங்கைத் திட்டத்தருகே வினாடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர் விரைவிலும், தபோவனத்திற்குச் சற்று மேலே 16 மீட்டர் விரைவிலும், அதற்குக் கீழே 12 மீட்டர் விரைவிலும் சென்றது என்பது படங்களிலிருந்தே பெறப்பட்டது. எவ்வாறு, எவ்வளவு விரைவாக என்பதைப் படம் சொல்லிற்று. எதனால் என்பதைச் சொல்லவில்லை. படத்தின் சட்டத்துக்குள் இருந்தது ஆறு. காரணமோ பல கிலோமீட்டருக்கு அப்பால், மலைமுகட்டில் இருந்தது. கண்ணால் கண்டதாலேயே காரணமும் விளங்கிவிட்டது என்று எண்ணுவதே படம் பார்ப்பவர்க்கு நேரும் முதற் பிழை.

மேற்கூறியவை பெரும்பாலும் மனிதர் கையால் எடுத்த படங்கள். மனிதர் கையற்ற படக்கருவியொன்று தந்த சான்று இவற்றினும் வியப்பானது. 2025 மார்ச் 28ஆம் நாள் மியன்மாரில் சகாயிங் பிளவின் வழியே 7.7 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. சூரிய மின்னாற்றல் நிலையம் ஒன்றின் வாயிலைக் காக்க வைத்திருந்த படக்கருவியின் பார்வைக்குள்ளேயே அப்பிளவு ஓடியது. முதலில் வாயிற்கதவு ஆடுகிறது. பின்னர் அப்பால் உள்ள நிலம் முழுவதும், புதரும் கம்பமும் உட்பட, ஒரு பக்கமாக நழுவிச் செல்கிறது. நிலப்பிளவு நகர்வதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் படம் அதற்குமுன் கிட்டியதில்லை.

மே மாதத்தில் அப்படம் யூடியூபில் ஏறியது. கியோத்தோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி கியர்ஸ், யோஷிஹிரோ கனெக்கோ என்னும் இருவர் அதனை ஒவ்வொரு சட்டமாக அளந்தனர். நிலம் 1.3 வினாடியில் ஏறத்தாழ 2.5 மீட்டர் நகர்ந்தது. உச்ச விரைவு வினாடிக்கு 3.2 மீட்டர். அதனினும் பெரிய செய்தி ஒன்று. நிலம் நேர்க்கோட்டில் நகரவில்லை. சற்றே வளைந்து சென்றது. அவ்வளைவு முதற்பார்வையிற் புலப்படவில்லை என்றும், ஐந்தாறு முறை பார்த்த பின்னரே கண்ணிற் பட்டது என்றும் கியர்ஸ் பின்னர்க் கூறியுள்ளார். இலட்சக்கணக்கானோர் வியந்து பார்த்து அடுத்த படத்துக்குச் சென்றுவிட்டனர். ஒருவர் செய்யுளைத் திரும்பத் திரும்பப் படிப்பதுபோல் பார்த்தார்; பொருள் கிடைத்தது.

அப்பொருள் யாது? பழைய நிலப்பிளவுகளின் பாறை முகத்தில் வளைந்த கீறல்கள் காணப்படுவதுண்டு. பிளவு நிலத்தைக் கிழித்துக்கொண்டு ஓடும்போது, தரைமட்டத்தை ஒட்டிய பகுதி முதலில் சற்று விலகித் தள்ளப்பட்டுப் பின்னர் நேர்வழிக்கு வருகிறது. அதன் சுவடே அவ்வளைவு என்றும், வளைவைக் கொண்டு பிளவு ஓடிய திசையை அறியலாம் என்றும் கோட்பாடு இருந்தது. நிகழும்போது கண்டவர் இல்லை. வாயிற் படக்கருவி கண்டது. இனிப் பழங்கீறல்களைக் கொண்டு, எழுத்தில் பதிவு பெறாத காலத்து நிலநடுக்கங்கள் எத்திசையில் ஓடின என்று கூறுவோர்க்கு ஊன்றுகோல் ஒன்று கிடைத்துவிட்டது.

இப்படம் சிறந்த சான்றானமைக்குக் காரணங்களைக் கருதுதல் வேண்டும். படக்கருவி ஓரிடத்தில் நிலையாக இருந்தது, நிகழ்ச்சிக்கு முன்னரே ஓடிக்கொண்டிருந்தது, அஞ்சி ஓடவில்லை. மனிதர் எடுக்கும் படம் இம்மூன்றிலும் குறைபடும். பெரும்பாலோர் ஆரவாரம் கேட்டபின் கைப்பேசியை எடுப்பர். ஆதலால் தொடக்கம் இராது. நீர் அருகில் வந்ததும் ஓடுவர். ஆதலால் உச்சமும் இராது. அவ்வாறு ஓடுவதே அறிவுடைமை. தரவு குறைந்ததென்று அவரைக் குறைகூற எவர்க்கும் உரிமை இல்லை.

இனி மெய்ம்மை பற்றிய வினா. தமிழாசிரியர்களுக்கு இது புதிய வினா அன்று. ஏடு பெயர்த்தெழுதியவர் எழுத்தை மாற்றினார், இடையிற் செருகினார், முதலேடும் இறுதியேடும் இன்றி எவருடைய நூலையோ எவருடையதாகவோ ஆக்கினார். பதிப்பாசிரியர் பல ஏடுகளை ஒப்பிட்டு, எது மூலத்துக்கு அண்மையது என்று தேர்ந்தார். இணையப் படமும் பெயர்த்தெழுதப்படும் ஏடு போன்றதே. ஒருவர் எடுத்ததை மற்றொருவர் வெட்டிச் சுருக்குகிறார். இன்னொருவர் இசை சேர்க்கிறார். வேறொருவர் பரபரப்புக்காக ஓட்டத்தை விரைவாக்குகிறார். முன்னர்க் கூறிய கட்டை எடுத்துக்காட்டில், படம் கால் பங்கு விரைவாக்கப்பட்டிருந்தால், 2.5 மீட்டர் என்பது 3.1 மீட்டர் ஆகிவிடும். மோதும் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆகவே முதன்முதல் ஏற்றப்பட்ட படத்தைத் தேடிப் பிடிப்பது ஆராய்ச்சியாளரின் முதற்கடமை. பரவலாகப் பார்க்கப்பட்ட படமே மூலப்படம் என்று கொள்வது, அச்சில் நிறைய விற்ற பதிப்பே திருத்தமான பதிப்பு என்று கொள்வதை ஒக்கும்.

இடமும் நாளும் மாற்றி வழங்கும் படங்களோ எண்ணில. 2004ஆம் ஆண்டுப் பேரலை என்று அக்காலத்தில் மின்னஞ்சல்களிற் சுற்றிய படங்களுட் சில, சீனாவின் சியாந்தாங் ஆற்றில் ஆண்டுதோறும் எழும் ஓத அலையைக் காட்டுவன. 2025 ஜூலை இறுதியில் கம்சாத்காவில் 8.8 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டபோது, பழைய பேரலைக் காட்சிகளும், இயந்திர அறிவு புனைந்த பொய்க்காட்சிகளும் உண்மைப் படங்களோடு கலந்து உலவின. பொய்யை எவ்வாறு அறிவது? மீண்டும் இடத்துக்கே வர வேண்டியிருக்கிறது. படத்திற் காணும் மலைமுகடும் பாலத்தூணும் நிழலின் சாய்வும் அவ்விடத்தில், அந்நாளில், அப்பொழுதில் பொருந்துகின்றனவா என்று ஒத்துப் பார்த்தல் வேண்டும். பொருந்தாதது எவ்வளவு அழகாயினும் தள்ளுபடி.

பொய்ப்படத்தினும் நுட்பமான கேடு ஒன்று உண்டு. அது மெய்ப்படங்களின் தொகையிலேயே இருக்கிறது. படம் இருக்கும் இடம் மக்கள் இருக்கும் இடம். பாலத்தருகும் சாலையோரமும் சுற்றுலாக் கடற்கரையும் படத்தில் நிறைந்திருக்கும். உள்நாட்டுக் காட்டாறும் உயர்மலைச் சரிவும் இரா. நள்ளிரவு வெள்ளம் இராது. சமோலியில் வெள்ளம் வந்தது ஞாயிற்றுக்கிழமை முற்பகல். இரவில் வந்திருந்தால் மேற்கூறிய மூன்று விரைவுகளும் கிடைத்திரா. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நகரும் மண்சரிவை எவரும் படம் பிடியார். பிடித்தாலும் எவரும் பாரார். நிலத்தின் உருவத்தைச் செதுக்குவதில் அத்தகைய மெல்லிய செயல்களுக்கும் பெரும் பங்கு உண்டு. படத்தையே நம்பியவர்க்கு உலகம் எப்போதும் இடிந்துகொண்டே இருப்பதாகத் தோன்றும்.

இதனினின்று பிறக்கும் ஒரு தவறான வாதத்தை இங்கே மறுத்தல் இன்றியமையாதது. மலைச்சரிவுப் படங்கள் இருபது ஆண்டுகளுக்கு முன் சிலவே இருந்தன, இன்று மிகப் பல உள்ளன, ஆகவே மலைச்சரிவுகள் பெருகிவிட்டன என்று கூறுவோர் உளர். பெருகியிருக்கலாம், வேறு தரவு கொண்டு அதனை நிறுவலாம். படங்களின் எண்ணிக்கையால் நிறுவுதல் இயலாது. பெருகியது கைப்பேசி. ஒரு நிகழ்ச்சியின் இயல்பை ஆராயப் படம் நல்லது; நிகழ்ச்சிகளை எண்ணிக் கணக்கெடுக்க அது ஆகாது.

இறுதியாக, படம் யாருடையது என்னும் வினா எஞ்சுகிறது. பொதுவில் வைத்தது பொதுச்சொத்து என்பர். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். சட்டம் இருக்கட்டும், பண்டா ஆச்சே போன்ற ஊர்களிலிருந்து வந்த படங்களில் ஓடும் நீரில் மனிதரும் இருந்தனர். கட்டையின் விரைவை அளப்பவர் கண்ணுக்கு முன் ஒருவரின் இறுதிக் கணமும் ஓடுகிறது. எடுத்தவர் உறவினர்க்குக் காட்ட எண்ணி ஏற்றியிருக்கலாம். அட்டவணையில் ஓர் எண்ணாகப் போகும் என்று எண்ணியிருக்கமாட்டார். அவரைத் தேடி ஒப்புதல் பெறுவது எப்போதும் இயலாது, முயல்வதேனும் வேண்டும். முயல்வதால் ஆராய்ச்சிக்கும் ஊதியம் உண்டு. எங்கே நின்றீர், எப்போது எடுத்தீர், வெட்டாத படம் உள்ளதா என்னும் மூன்று வினாவுக்கு அவர் ஒருவரே விடை தரவல்லவர். அர்ஜென்டினாவின் கொர்டோபா மாகாணத்தில் நீரியலார், இணையத்திற் கிடந்ததைப் பொறுக்குவதோடு நில்லாமல், வெள்ளப் படங்களை அனுப்புமாறு மக்களையே நேரிற் கேட்டுப் பெற்றனர். பொறுக்குவதினும் கேட்டுப் பெறுவது மேல். ஆயினும் கேட்பவர், கரைக்கு மிக அருகே செல்லாதீர் என்பதையும் கேட்கும்போதே சொல்லிவிடுதல் வேண்டும்.

கேளாமலும் பாதுகாவாமலும் விட்டால் நேர்வது வேறு. கணக்கை மூடிவிட்டார் என்றோ, தளத்தின் விதிக்கு மாறானது என்றோ, படம் ஒருநாள் மறைந்துவிடுகிறது. அதனை ஆதாரமாகக் கொண்ட கட்டுரையை மற்றொருவர் சரிபார்க்க வழியில்லை. மூலவேடு கரையானுக்கு இரையானபின் பதிப்பு மட்டும் நிற்பது போன்றது அது.

இடத்துக்கு மீளுதலைப் பற்றிக் கூறியதற்கு நல்ல சான்று ஜப்பானின் கேசெனுமா. 2011 மார்ச் 11ஆம் நாள் அத்துறைமுகத்தில் பேரலை புகுந்தபோது, கட்டடங்களின் கூரைமேல் ஏறிப் பிழைத்தோர் அதனைப் படம் பிடித்தனர். முன்னர் ஆச்சேப் படங்களை ஆராய்ந்த பிரிட்ஸும் குழுவினரும் பின்னர் அங்குச் சென்று, படமெடுத்தோர் நின்ற இடங்களிலிருந்தே ஒளிக்கதிர் அளவைக் கருவியால் சுற்றுப்புறம் முழுவதையும் அளந்தனர். அலை 9 மீட்டர் உயர்ந்தது என்றும், உயர்ந்த பத்து நிமிடத்துக்குள் நீர் வினாடிக்கு 11 மீட்டர் விரைவிற் கடலை நோக்கித் திரும்பிற்று என்றும் 2012இல் எழுதினர். அவ்விரைவில் எந்தக் கப்பலையும் செலுத்தியிருக்க முடியாது. உள்ளே வந்த நீரினும் திரும்பிய நீரே கொடியது என்பதனைக் கூரைமேல் நின்றவர்கள் அன்றே கண்டிருந்தனர். எண் கிடைத்தது அடுத்த ஆண்டில்.